'மெட்ரோ வரப்போகுது' என்று கேட்டதும் மனை வாங்கலாமா? சென்னை வளர்ச்சிச் செய்திகளைச் சரிபார்த்து இடம் வாங்க முழு வழிகாட்டி

சென்னைப் புறநகரில் மனை தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். ஊரப்பாக்கம் என்றால் கிளாம்பாக்கம் பேருந்து முனையம், பூந்தமல்லி என்றால் மெட்ரோ, காஞ்சிபுரம் சாலை என்றால் பரந்தூர் விமான நிலையம். செய்தி பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் செய்தி உண்மையாக இருந்தாலும் அந்த மனை தவறான மனையாக இருக்கலாம். இந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறுவது எல்லாம் வரிசையில்தான். செய்தியைக் கேட்கிறார்கள், நிறுவனத்தின் வண்டியில் போய் இடத்தைப் பார்க்கிறார்கள், அங்கேயே டோக்கன் பணம் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு வக்கீலைத் தேடுகிறார்கள். பணம் கைமாறிய பிறகு எந்தக் குறையைப் பார்த்தாலும் 'இது சரியாகிவிடும்' என்றே மனம் சொல்லும். கீழே உள்ள வரிசையில் பணம் கடைசிக்கு முந்தைய படியில்தான் வருகிறது. முதல் ஐந்து படிகளுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விற்பவரிடமோ தரகரிடமோ முதல் பேச்சிலேயே இவற்றைக் கேளுங்கள்: கிராமத்தின் பெயர், வட்டம், சர்வே எண் உட்பிரிவோடு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உட்பட்டது, லேஅவுட் (மனைப்பிரிவு) என்றால் அங்கீகார எண்ணும் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும், விற்பவர் பெயரில் உள்ள பத்திரத்தின் நகல்.

விளம்பரப் பெயர் எதற்கும் உதவாது. 'கிரீன்', 'சிட்டி', 'என்கிளேவ்' என்று முடியும் எந்தப் பெயரும் வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டில் இருக்காது. சர்வே எண் இருந்தால்தான் அடுத்த படிகளில் எதையும் தேட முடியும். 'முதலில் இடத்தைப் பாருங்க சார், நம்பர் அப்புறம் தரேன்' என்று சொன்னால், நம்பர் வந்த பிறகே போங்கள். நேர்மையாக விற்பவருக்குச் சர்வே எண்ணை மறைக்க ஒரு காரணமும் கிடையாது.

1. செய்தி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

ஒரு பெரிய திட்டம் நடைமுறைக்கு வருவதற்குள் பல கட்டங்களைத் தாண்டுகிறது: அறிவிப்பு, சாத்தியக்கூறு ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை, மாநில அரசின் ஒப்புதல், தேவைப்பட்டால் மத்திய அரசின் ஒப்புதல், நிதி அல்லது கடன் ஒப்பந்தம், நில எடுப்பு, டெண்டர், வேலை ஆணை, கட்டுமானம், திறப்பு. விளம்பரத்தில் இவை அத்தனையும் 'வருகிறது' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

கட்டங்களுக்கு இடையே எவ்வளவு காலம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்றுகள் இருக்கின்றன. மெட்ரோ இரண்டாம் கட்டம் 3 வழித்தடங்கள், 118.9 கி.மீ. நீளம், ரூ.63,246 கோடி மதிப்பீடு. அடிக்கல் நாட்டியது 2020 நவம்பரில். மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் மாநில நிதியிலும் வெளிக்கடனிலும் வேலை நடந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அடிக்கல் படத்தைப் பார்த்து 'இன்னும் மூணு வருஷத்துல ரயில் ஓடும்' என்று கணக்குப் போட்டு வங்கிக் கடன் வாங்கியவர்களுக்கு அந்த இடைவெளி முழுவதும் வட்டியாகப் போனது.

மதுரவாயல் – துறைமுகம் உயர்மட்டச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. ஈரடுக்குச் சாலையாகத் திட்டத்தை மாற்றி 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு வெறும் 5 கி.மீ. 2008-இல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கால் பத்து ஆண்டுகளுக்கு மேல் முடங்கிக் கிடந்தது. பணம் இருந்தும், தூண்கள் நின்றும், நிலம் கிடைக்காவிட்டால் திட்டம் நிற்கும். அதனால் 'அடிக்கல் நாட்டியாச்சா' என்பதைவிட 'நிலம் எடுத்து முடிச்சாச்சா' என்ற கேள்விக்குத்தான் அதிக மதிப்பு.

நான் பின்பற்றும் அளவுகோல் எளிது. டெண்டருக்கு முந்தைய கட்டத்தில் இருக்கும் திட்டத்துக்காக மனையின் விலையில் ஒரு ரூபாய்கூட அதிகமாகக் கொடுக்க வேண்டாம். வேலை ஆணை கொடுத்து நிலமும் கையில் இருந்தால் விலையில் ஓரளவு சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் திட்டமே வராமல் போனாலும் இந்த இடத்தில் வீடு கட்டிக் குடியிருப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

2. செய்தியின் மூல ஆவணத்தைக் கண்டுபிடியுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் வரைபடம் ஆவணம் ஆகாது. எந்தத் திட்டமானாலும் அதற்கென்று ஓர் அரசு ஆவணம் எங்காவது இருக்கும். மெட்ரோ என்றால் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தின் தளத்தில் திட்ட அறிக்கையும் டெண்டர்களும் கிடைக்கும். மாநில அரசின் திட்டங்களுக்கு அரசாணையும், சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பும் இருக்கும். இந்தக் குறிப்புகளைப் படிப்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு திட்டம் ஆய்வில் இருக்கிறதா, நிதி ஒதுக்கியாயிற்றா என்பது அங்கே நேரடியாக எழுதியிருக்கும்.

சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டங்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவாகும். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்புள்ள கட்டடத் திட்டங்களுக்கும் இந்த அனுமதி வேண்டும். பெரிய அடுக்குமாடி வளாகத்தில் வீடு வாங்குகிறவர்கள் அங்கே திட்டத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றையும் (Encumbrance Certificate) சுற்றுச்சூழல் அனுமதியையும் (Environmental Clearance) இரண்டையுமே 'ஈசி' என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. 'ஈசி கிளியர் சார்' என்று யாராவது சொன்னால் எது என்று கேட்டுவிடுங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, ஒரே அறிவிப்பைப் பத்து இடங்களில் படித்துவிட்டு அதைப் பத்து சான்றாக எண்ணுவது. பத்துச் செய்திகளுக்கும் மூலம் ஒரே பேட்டியாக இருந்தால், உங்களிடம் இருப்பது ஒரு பேட்டி மட்டுமே.

3. தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

'மெட்ரோவுக்கு 10 நிமிடம்' என்ற வாசகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, திட்ட அறிக்கையில் உள்ள நிலையத்தின் இடத்தையும் மனையையும் வரைபடத்தில் குறியுங்கள். பிறகு நடந்தோ வண்டியிலோ காலை எட்டரைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். விளம்பரக்காரர்கள் கூட்டிப்போவது ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்றைக்கு, தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலை வேறு சாலை மாதிரி இருக்கும்.

நடுவில் எதைக் கடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ரயில் பாதை, எட்டு வழிச்சாலை, ஏரிக்கரை. தாம்பரத்துக்குத் தெற்கே ஜிஎஸ்டி சாலைக்கும் ரயில் பாதைக்கும் எந்தப் பக்கம் மனை இருக்கிறது என்பதைப் பொறுத்து, வானத்தில் 800 மீட்டராக இருப்பது தரையில் 4 கி.மீ. ஆகும்.

துணை வசதிகளையும் பாருங்கள். கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஆனால் அதை ஒட்டிய ரயில் நிலையமும் நடைமேம்பாலமும் அப்போது தயாராகவில்லை. பயணிகள் ஊரப்பாக்கத்திலோ வண்டலூரிலோ இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. முக்கியக் கட்டடம் திறந்த நாளுக்கும் அது முழுமையாகப் பயன்படும் நாளுக்கும் இடையே இப்படி ஓர் இடைவெளி எப்போதும் இருக்கும். விமான நிலையம் – கிளாம்பாக்கம் மெட்ரோ நீட்டிப்புக்கு 15.46 கி.மீ. திட்ட அறிக்கை இருக்கிறது. அதைக் காட்டி விற்கப்படும் மனைகளுக்கு முதல் படியில் சொன்ன அளவுகோலை அப்படியே பொருத்துங்கள்.

4. அந்தத் திட்டமே உங்கள் நிலத்தை எடுத்துக்கொள்ளுமா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். திட்டத்துக்குப் பக்கத்தில் நிலம் வேண்டும் என்று தேடும்போது, திட்டத்துக்கு உள்ளேயே போய் விழும் ஆபத்து இருக்கிறது.

பரந்தூரில் விமான நிலையம் என்று 2022 ஆகஸ்டில் முடிவானது. ஏகனாபுரம், நெல்வாய் உள்ளிட்ட 13 கிராமங்களில் சுமார் 5,700 ஏக்கருக்கு மேல் தேவைப்படும் திட்டம். அங்கே பல தலைமுறையாக விவசாயம் செய்பவர்கள் நிலத்தைத் தர மறுத்துத் தொடர்ந்து போராடி வருகிறார்கள். அதே வட்டாரத்தில் மனை விற்கிறவர்கள் 'ஏர்போர்ட் பக்கம்' என்று மட்டும் சொல்வார்கள். அந்தச் சர்வே எண் எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா, எவ்வளவு வெளியே என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எண்ணூர் துறைமுகத்தில் தொடங்கி மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. போகும் சென்னை எல்லைச் சாலைக்கும் இதே கதைதான். சாலைக்கு அருகே என்பது நல்லது, சாலையின் நடுவே என்றால் கதை வேறு.

எப்படிப் பார்ப்பது? எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அறிவிப்பின் பெயர் மாறும். தொழில் நோக்கத்துக்கான 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தில் முதலில் உரிமையாளருக்கு 3(2) நோட்டீஸ் வரும், பிறகு 3(1) அறிவிக்கை. மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தில் 15(2), பிறகு 15(1). தேசிய நெடுஞ்சாலை என்றால் 3ஏ, பிறகு 3டி. 2013-ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவின் முதல்நிலை அறிவிக்கை வந்த பிறகு அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. இந்த அறிவிக்கைகள் அரசிதழிலும் நாளிதழ்களின் பொது அறிவிப்புப் பக்கத்திலும் சர்வே எண் வாரியாக வரும்.

வட்டாட்சியர் அலுவலகத்திலோ, திட்டத்துக்கென்று அமைத்த நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலோ சர்வே எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். வாய்மொழிப் பதிலோடு நிற்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போட்டால் 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் தர வேண்டும். 'முப்பது நாள் காத்திருந்தால் மனை போய்விடும்' என்று அவசரப்படுத்துவார்கள். போகட்டும், அடுத்த மனை இருக்கும்.

இதோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிலம் எடுக்கும்போது இழப்பீட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்வது பதிவுத் துறை நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பும் பதிவான விற்பனைப் பத்திரங்களும்தான். பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியைக் கறுப்பாகக் கொடுத்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பணம் திரும்பி வர வழியே இல்லை.

5. நிலத்தின் வகையையும் தண்ணீர் போகும் வழியையும் பாருங்கள்

சென்னையில் இதைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிய வீட்டில் எந்த மெட்ரோ வந்தாலும் நவம்பர் மாதம் நிம்மதி இருக்காது.

முதலில் நிலப் பயன்பாடு. சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் தளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் அந்த நிலம் குடியிருப்பா, விவசாயமா, தொழிலா, நீர்நிலையா என்று தெரியும். இந்தத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது, 2026 வரைக்கானது. அடுத்த முழுமைத் திட்டத்தில் மாறிவிடும் என்று விற்பவர் சொல்வார். இன்றைக்கு எந்த வகையில் இருக்கிறதோ அதை வைத்து மட்டுமே முடிவெடுங்கள்.

இரண்டாவதாக, வருவாய்த் துறையின் பதிவேடுகள். அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, எஃப்எம்பி எனப்படும் புலப்படம் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். 'அ' பதிவேட்டில் 'புறம்போக்கு', 'மேய்க்கால்', 'அனாதீனம்' போன்ற சொற்களைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். புலப்படத்தில் மனையை ஒட்டிப் போகும் வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை தெரியும். தரையில் இப்போது வாய்க்கால் இல்லாமல் மண் நிரவி இருக்கலாம். படத்தில் இருந்தால் அது இருக்கிறது என்றே கணக்கு.

மூன்றாவது, சிறப்புக் கட்டுப்பாடுகள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் 1,247.54 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கி.மீ. வரையிலும் கட்டுமான அனுமதி தருவதை எல்லை ஆய்வு முடியும்வரை நிறுத்தச் சொன்னது. பெரும்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் இந்த உத்தரவின் இன்றைய நிலையைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்பந்தம் போடவே கூடாது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலத்தடி நீர்ப் பகுதிக்கும், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன.

பிறகு நேரில் போங்கள், முடிந்தால் மழைக்காலத்தில். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாறு எவ்வளவு ஏறியது என்பதை அந்தத் தெருவில் இருப்பவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்தில் படகு விட்டதையும் சொல்வார்கள். டீக்கடையில் கேளுங்கள். பழைய வீடுகளில் மின் மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, புதிதாகக் கட்டுபவர்கள் அடித்தளத்தை எவ்வளவு தூக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தெருவில் எல்லோரும் சாலையிலிருந்து நான்கடி உயர்த்திக் கட்டியிருந்தால் காரணம் இருக்கும்.

6. அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்

சிஎம்டிஏ எல்லைக்குள் இருப்பது வேறு, சிஎம்டிஏ அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதியை 1,189 சதுர கி.மீ.-இலிருந்து 5,904 சதுர கி.மீ.-ஆக விரிவாக்கும் ஆணை 2022-இல் வந்தபோது, 'இனி இது சிஎம்டிஏ ஏரியா' என்று சொல்லி அங்கீகாரமே இல்லாத மனைகளையும் விற்கப் பார்த்தார்கள். எல்லைக் கோடு விரிந்தால் உங்கள் லேஅவுட்டுக்கு அனுமதி வந்துவிடாது.

அங்கீகரித்த லேஅவுட்டுக்கு எண் உண்டு. சிஎம்டிஏ லேஅவுட் என்றால் 'பிபிடி/எல்ஓ' என்று தொடங்கும் எண்ணும் ஆண்டும் இருக்கும். வெளிப் பகுதிகளுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் எண். வரைபட நகலை வாங்கி, நீங்கள் பார்க்கும் மனை எண் அதில் இருக்கிறதா, அது மனைதானா என்று பாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையே மனையாக விற்ற வழக்குகள் உண்டு. சாலைகளும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்பது லேஅவுட் அனுமதி ஆகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானவற்றை மட்டும் வரன்முறை செய்ய, அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு சட்டப்படி முறைப்படுத்த, 2017-இல் விதிகள் வந்தன. பழைய அங்கீகாரமற்ற மனையை வாங்குவதாக இருந்தால் அந்தத் தேதிக்கு முந்தைய பத்திரமும் வரன்முறை ஆணையும் வேண்டும். பத்திரப் பதிவு நடந்துவிடும் என்பதற்காக வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பதிவுத் துறை வேறு, திட்ட அனுமதி தரும் துறை வேறு.

அடுத்தது ரெரா. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8-க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. தமிழ்நாடு ரெரா தளத்தில் எண்ணைப் போட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: விற்பவர் பெயரும் அங்கே உள்ள பெயரும் ஒன்றா, முடிக்க வேண்டிய தேதி எது, மனைகளின் எண்ணிக்கை வரைபடத்தோடு பொருந்துகிறதா. அதே தளத்தில் ஆணையத்தின் தீர்ப்புகளும் இருக்கின்றன. அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். சொன்ன தேதியில் முடிக்காததற்காகப் பல ஆணைகள் வந்திருந்தால், உங்களிடம் சொல்லும் தேதிக்கும் அதே மதிப்புதான்.

விளம்பரத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டமடைந்தால் இழப்பீடு கேட்க ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு அந்தத் தாள் சாட்சி.

7. பத்திரங்களைப் பாருங்கள்

இந்தக் கட்டத்தில் வக்கீல் வந்தாக வேண்டும், அதுவும் விற்பவர் அறிமுகப்படுத்தாத வக்கீல். அவரிடம் போகும் முன் நீங்களே வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பார்த்துவிடலாம்.

புதியவர்கள் தவறுவது இங்கே: உட்பிரிவு செய்த புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடுவது. 123/4 என்று இருந்த நிலம் போன வருடம் 123/4ஏ1 ஆகியிருந்தால், புதிய எண்ணில் வில்லங்கமே இல்லாத மாதிரி தெரியும். அடமானமும் பழைய விற்பனையும் 123/4-இல் இருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டிலும் குறைந்தது 30 வருடத்துக்குத் தேடுங்கள். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்திலும் தேட வேண்டும். மாவட்டப் பெயரும் குழப்பும். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள நிலம், 2019-க்கு முந்தைய பத்திரத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றும், 1997-க்கு முந்தையதில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றும் இருக்கும். அது பிழை ஆகாது.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியாத உயிலும், நிலுவையில் உள்ள பாகப்பிரிவினை வழக்கும் அதில் வராது. அதனால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அதில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். பெண் வாரிசுகளின் கையெழுத்தை விட்டுவிட்டு விற்பது இன்னும் நடக்கிறது. நீதிமன்றத் தளத்தில் விற்பவர் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று தேடலாம்.

'பவர்' எனப்படும் அதிகாரப் பத்திரம் வைத்து ஒருவர் விற்றால், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அது ரத்தாகவில்லையா என்பது தெரிய வேண்டும். முடிந்தால் உரிமையாளரையே நேரில் பாருங்கள். கோயில், வக்ஃபு நிலமா என்பதையும் சார்பதிவகத்தில் கேளுங்கள்.

'பேங்க் லோன் கிடைக்குது, அப்போ டாக்குமெண்ட் சுத்தம்தான்' என்று சொல்வார்கள். வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். அவர் கருத்து கூடுதல் சோதனையாக நல்லது. உங்கள் வக்கீலுக்குப் பதிலாக ஆகாது.

8. விலையைச் சோதியுங்கள்

வழிகாட்டி மதிப்பு டிஎன்ரெஜிநெட் தளத்திலேயே கிடைக்கும். அதோடு வில்லங்கத்தில் பக்கத்து மனைகளின் சமீபத்திய விற்பனை விலையையும் பாருங்கள். விற்பவர் சொல்லும் விலை அதைவிட மிக அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் நீங்கள் செய்திக்காகக் கொடுக்கும் பணம். முதல் படியில் கண்ட கட்டத்துக்கு அது தகுமா என்று அங்கே தெரிந்துவிடும்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, விற்பனை விலை இரண்டில் எது அதிகமோ அதன் மீது. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, சதுர அடி ரூ.4,000 என்றால் ரூ.48 லட்சம், அதற்கு மேல் ரூ.4,32,000. இதைக் கடைசி நேரத்தில் கடன் வாங்கும்படி விட்டுவிடாதீர்கள். விலை ரூ.50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது வாங்குகிறவரின் பொறுப்பு.

9. இப்போது பணம்

முதலில் ஒப்பந்தம், பிறகு முன்பணம். ரெரா திட்டம் என்றால், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. தனி நபரிடம் வாங்கினாலும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அது வில்லங்கத்தில் ஏறிவிட்டால் அதே மனையை இன்னொருவருக்குக் காட்டுவது கடினம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் கட்டாயம் இருக்கட்டும். பத்திரத்திலோ அங்கீகாரத்திலோ குறை தெரிந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது ஒன்று. நில எடுப்பு அறிவிக்கை எதுவும் தன் நிலத்துக்கு வரவில்லை என்று விற்பவர் தரும் உறுதிமொழி இன்னொன்று. இரண்டாவது வரியைக் கேட்டதும் தயங்குகிறவரிடம் நான்காம் படியை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள்.

எல்லாப் பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். நிலம் வாங்குவதில் ரூ.20,000-உம் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

10. பதிவு நாளும் அதற்குப் பிறகும்

பதிவுக்கு முந்தைய நாள் வில்லங்கத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். இடைப்பட்ட வாரங்களில் அடமானம் ஏறியிருக்கலாம். பத்திர வரைவில் நான்கு எல்லைகளையும் அளவுகளையும் அங்கீகரித்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு விற்றவர் மீண்டும் வர வேண்டும்.

பதிவான பிறகு பட்டா மாற்றம். முழு சர்வே எண்ணையும் அப்படியே வாங்கினால் பட்டா தானாக மாறும் வசதி இருக்கிறது. உட்பிரிவு தேவை என்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும். அவர் வரும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள், அளந்த கையோடு நான்கு மூலையிலும் கல் நடுங்கள், பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். உள்ளாட்சியில் காலிமனை வரியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் பெயர் வில்லங்கத்திலும் பட்டாவிலும் வந்துவிட்டதா என்று பார்த்து, இரண்டையும் அச்செடுத்துப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.